கையில்லாத பூக்கள்

"அப்பா, இதுக்கு இன்னும் கையே வரலியே. பூவை எப்படித் தூக்கும்?"

பூசணி நாற்றைப் பார்த்து ஜெயசீலி ஒருநாள் கேட்டாள். பற்றிப் படரும் சுருள் கம்பியைத்தான் கை என்றாள். நாற்று விற்கும் தயாளன் சிரித்தான்.

"ஒரு குச்சியாவது நடுப்பா."

அதற்கு யாருக்கு நேரம்? சேலையூரில் புதுமனை வாங்கியவர்கள் நாற்றுப் பையிலேயே பூவைப் பார்த்தால்தான் நாற்றை எடுத்தார்கள். போன வாரம்கூட வாடிக்கைக்காரர் அரிகிருஷ்ணன் கேலி செய்துவிட்டுப் போனார்.

"இன்னா தயாளு, வெறும் இலையா கீது? கீரைன்னு விக்கிறியா?"

"அடுத்த வாரம் வாங்கண்ணா, பூவோட தரேன்."

அன்றே, இரண்டிலைப் பருவத்து நாற்றுகளுக்குச் சீக்கிரம் பூக்க வைக்கும் மருந்தை அளவுக்கு மேல் கலந்து தெளித்தான். நாற்றுக்குத் தெம்பு வர முதல் மொட்டைக் கிள்ளிவிடுவார்கள். அவன் கிள்ளவில்லை.

இன்று மழை பிடித்த மாலையில் நாற்றுக் கொட்டகைக்குள் நுழைந்தான். எல்லாப் பூக்களும் மலர்ந்திருந்தன. விடியலில் விரிந்து வெயில் ஏறுமுன் கூம்பிவிடும் பூ இது.

பிளாஸ்டிக் கூரைமேல் மழை சடசடக்க, அழுகும் மாம்பழ வாடை தொண்டைவரை இறங்க, நூல் போன்ற தண்டுகள் தம்மைவிடப் பெரிய மஞ்சள் பூக்களைச் சுமக்கமாட்டாமல் வளைந்து மண்ணைத் தொட்டபோது, ஒவ்வொன்றிலிருந்தும் மூட்டை தூக்குபவனின் இளைப்பு கேட்டது.

பலகைக் கதவு அவன் பின்னால் சாத்திக்கொண்டது. தள்ளினான். மழையில் ஊறி இறுகியிருந்தது.

"ஜெபத்துக்கு நேரமாச்சு, வாங்க!" வீட்டிலிருந்து மனைவி அமலராணி கூப்பிட்டாள்.

"அமலா! கதவைத் திற!"

மழை அவன் குரலை விழுங்கியது. வீட்டில் ஜெபப் பாட்டு தொடங்கிவிட்டது.

இளைப்பு இப்போது காலடியில். பூக்கள் அவன் பக்கம் திரும்பியிருந்தன. எல்லாமே.

"ஆண்டவரே."

மண்டியிட்டான். விரல் நீட்டி ஒரு பூவைத் தாங்கினான். அதன் இளைப்பு அடங்கியது, தூங்கிப்போன குழந்தையைப் போல. இன்னொரு விரல். இன்னொரு பூ.

விரலை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. நகக்கண்ணுக்குள் ஏதோ குளிர்ச்சியாக நுழைந்தது. வலிக்கவில்லை.

இறுகியிருந்த கதவு தானே திறந்தது. மழைக்கு அப்பால் வீட்டு விளக்கு. பாட்டில் மகளின் குரல் தனியாகக் கேட்டது. யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அவன் எழவில்லை. இன்னும் எத்தனையோ பூக்கள் மண்ணில் கிடந்தன. விரல்கள் பச்சையாயின. நீண்டன. நுனியில் சுருண்டன.

அடுத்த தண்டை மெல்லத் தேடிப் பற்றின.