இறங்குவதற்கு எடுத்துவைத்த சேலை

இயந்திரம் நின்ற பிறகுதான் வீரம்மாவுக்கு உறைத்தது. அந்தச் சத்தத்தைக் காணோம்.

நாகப்பட்டினத்தில் ஏறிய நாள்முதல், கப்பலின் அடித்தட்டில் இயந்திரத்தின் உறுமலுக்கு அடியில் இன்னொரு சின்னச் சத்தமும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. மாரியாயி உட்கார்ந்தாலும் படுத்தாலும் தன் கழுத்தில் தொங்கிய தகர வில்லையைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பாள். கிறீச். கிறீச். தோட்டத்து வேலைக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவர் கழுத்திலும், கப்பலேறுமுன் தங்கவைக்கும் கூலி டிப்போவில் மாட்டிவிட்ட வில்லை அது. கிளாங் தோட்டத்தைப் போய்ச் சேரும்வரை ஆளுக்கு அதுதான் அடையாளம். இப்போது கப்பல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில் நங்கூரம் போட்டுவிட்டது. அந்தி நேரம். கரையோரத்துச் சதுப்பு மரங்களின் சேற்று வாடையும் தார் நாற்றமும் புளித்த சோற்று நெடியும் கலந்து இறங்கிய அந்த அமைதியில், நகம் சுரண்டுவது துல்லியமாகக் கேட்டிருக்க வேண்டும்.

மாரியாயியை மறைத்துப் படுக்கவைத்திருந்த அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் வீரம்மா எட்டிப் பார்த்தாள். மாரியாயி கண்ணைத் திறந்துகொண்டு அவளையே பார்த்தபடி படுத்திருந்தாள். முகம் கொள்ளாமல் அம்மை முத்து.

"அக்கா, நாளைக்கு எறங்கறப்ப எந்தச் சேல கட்டுவீங்க?"

"பேசாமப் படு."

"பச்சதானே? அதத்தான் கட்டணும். புள்ள அடையாளம் கண்டுக்கணும்ல."

காய்ச்சல் வருவதற்கு முன், பொழுது போகாத ஒரு பகலில் வீரம்மாவே சொன்ன கதைதான் அது. கங்காணியான அவள் புருஷன் அய்யாவு தோட்டத்து வேலைக்கு ஆள் கட்ட ஊருக்குப் போனபோது அவளையும் கூட்டிப்போனான். இன்னும் பேச்சு வராத தன் பிள்ளை பவளத்தைத் தோட்டத்திலேயே பக்கத்து வீட்டுச் சீதாலெட்சுமியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினாள். அன்று கட்டியிருந்தது பச்சைச் சேலை. "திரும்பி வரப்ப இதே சேலையக் கட்டிட்டு எறங்கு வீரம்மா. மொகம் மறந்தாலும் சேல மறக்காது. நான் புள்ளயத் தூக்கிட்டுத் துறைக்கு வந்துடறேன்" என்று சீதாலெட்சுமி சொல்லியிருந்தாள். பவளத்துக்கு வாங்கிய சிவப்புக் கண்ணாடி வளையல்களை அந்தச் சேலையின் முந்தியிலேயே முடிந்து வைத்திருந்தாள் வீரம்மா.

மாரியாயியின் பிள்ளை டிப்போவிலேயே செத்துப்போனது. வில்லை மாட்டியாகிவிட்டது என்று சொல்லி அவளைக் கப்பலில் ஏற்றினான் அய்யாவு.

தட்டு முழுக்க நாளைய பேச்சுதான். யார் முதலில் குளிப்பது, யாரிடம் எண்ணெய் மிச்சமிருக்கிறது, பாயை இப்போதே சுருட்டலாமா. வேலாயுதம் உடைந்த கண்ணாடித் துண்டில் மீசையைத் திருத்திக்கொண்டிருந்தான்.

"தொர பொண்ணு குடுக்கப் போறாரா, இப்படிச் செதுக்கற?" என்றாள் ஒருத்தி.

"குடுத்தா வேணாம்னா சொல்லப்போறேன்? நீதான் கூடமாட நின்னு கட்டி வைக்கணும்."

சிரிப்பு எழுந்து அடங்கியது. அய்யாவு வீரம்மாவின் பக்கத்தில் வந்து குந்தினான்.

"காலையில டாக்டர் தொர வருவாரு. இந்த மாரியாயியப் பாத்தாருன்னா கூட்டத்தோட குவாரண்டீன் முகாமுதான்."

வீரம்மாவின் மூத்த பிள்ளை அந்த முகாமில்தான் போனது. வேலிக்கு அந்தப் பக்கம் புதைத்தார்கள். இந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.

"நீ உன் சேலையில டாக்டர் முன்னாடி ஒருதரம் போ. கக்கூஸ் மறைப்பு வழியா கீழ எறங்கி, இவ சேலையச் சுத்திக்க. வில்லைய மாட்டிக்கிட்டு முக்காடு போட்டு, கடைசி ஆளா இன்னொருதரம் போ. டாக்டருக்குத் தமிழன் மூஞ்சி எல்லாம் ஒண்ணுதான். தலைக்கணக்கு சரியா இருந்தாப் போதும்."

"இவள?"

"அப்புறமா கைத்தாங்கலாக் கரைக்குப் போற தொங்கான் படகுல ஏத்திடலாம்." எழுந்துகொண்டே சொன்னான்: "உசுரோட இருந்தா. இல்லேன்னா கப்பல்காரன் பாடு."

விடிந்தது. பெண்கள் மேல்தட்டில் வரிசை கட்டினார்கள். வீரம்மா பச்சைச் சேலையில் டாக்டர் முன் நின்றாள். நாக்கை நீட்டினாள், கையை விரித்தாள். டாக்டரின் உதவியாளான டிரசர் வில்லையைப் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டு, போகலாம் என்று கையை அசைத்தார்.

வீரம்மா மறைப்பு வழியாகக் கீழே இறங்கினாள். ஆளில்லை. சுருட்டிய பாய்களின் தடம் மட்டும் தரையில் வெளுப்பாகக் கிடந்தது. மூட்டைகளுக்குப் பின்னால் வெளிச்சம் எட்டவில்லை. தடவித்தான் போனாள். மாரியாயியின் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றியபோது விரல் அவள் தாடையில் பட்டது.

சில்லென்றிருந்தது.

மூக்கருகே புறங்கையை வைத்தாள். காத்திருந்தாள். ஒன்றுமில்லை.

மேலே ஓடிப்போய்ச் சொல்லலாம். சொன்னால் முகாம். முகாம் என்றால் வேலி. பவளம் துறையில் காத்திருக்கும். வீரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, விறைக்கத் தொடங்கியிருந்த உடம்பைப் புரட்டி, அது கட்டியிருந்த செங்காவிச் சேலையை உருவினாள். பச்சைச் சேலையைக் கழற்றி மடித்து, செத்தவளின் தலைமாட்டில் வைத்தாள். தன் வில்லையையும் கழற்றி அதன்மேல் வைத்தாள். செங்காவிச் சேலை ஈரமாக இருந்தது. எந்த ஈரம் என்று யோசிக்காமல் சுற்றிக்கொண்டாள்.

படியேறும்போது பின்னால் கேட்டது.

கிறீச்.

எலி. எலிதான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"மாரியாயி" என்று கூப்பிட்டார் டிரசர்.

"ஆமாங்க."

தன் வாயிலிருந்து வந்த குரல் கம்மிப்போயிருந்ததை அவளே கவனித்தாள். டாக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். சற்று நேரம் விடாமல் பிடித்திருந்தார். பிறகு விட்டுவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். போகலாம்.

தொங்கான் கப்பலின் விலாவில் வந்து ஒட்டியது. ஆட்கள் மூட்டையும் சட்டியுமாக முட்டிமோதி இறங்கினார்கள். இனிச் சேலையை மாற்ற வேண்டியதுதான் பாக்கி. பச்சை. வளையல். பவளம். வீரம்மா மீண்டும் அடித்தட்டுக்கு ஓடினாள்.

மூட்டைகளுக்குப் பின்னால் கைவைத்தாள்.

கோரைப்பாய். ஈரம். வேறொன்றும் இல்லை.

சேலை இல்லை. வில்லை இல்லை. மாரியாயி இல்லை.

கைகளால் தரையைத் துழாவினாள். மூட்டைகளை இழுத்துத் தள்ளினாள். யாரோ தூக்கிக் கடலில் போட்டிருப்பார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் சேலையை ஏன்? மேலே கயிறு அவிழும் சத்தம். துடுப்பு தண்ணீரை அறையும் சத்தம். படிகளில் முழங்கால் இடிபட மேலே ஓடினாள்.

தொங்கான் விலகிப் போய்க்கொண்டிருந்தது. முனையில் அய்யாவு நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தான். அவன் காலடியில் ஒருத்தி முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள்.

பச்சை முக்காடு.

"ஏங்க!"

அய்யாவு நிமிர்ந்தான். அவளை நேராகப் பார்த்தான். அவளையேதான். பிறகு குனிந்து, காலடியில் இருந்தவளைப் பார்த்தான். எண்ணிப் பார்த்த தலைகளை இன்னொருதரம் எண்ணினான். கணக்குச் சரியாக இருந்தது. கரைப்பக்கமாகத் திரும்பிக்கொண்டான்.

"யாரு நீ, இன்னும் எறங்காம?" டிரசர் அவள் கழுத்து வில்லையைப் புரட்டிப் பார்த்தார். "மாரியாயியா? கையக் காட்டு."

"நான் வீரம்மா. கங்காணி பொஞ்சாதி."

"அந்தம்மா அப்பவே எறங்கிடுச்சே. கையக் காட்டுங்கறேன்."

காட்டினாள். மணிக்கட்டில், டாக்டர் பிடித்த இடத்தில், வரிசையாக முத்துகள். அவர் இரண்டடி பின்வாங்கினார்.

கிறீச். கிறீச். சத்தம் பக்கத்திலேயே கேட்டது. அவள் குனிந்து பார்த்தாள். தன் கட்டைவிரல்தான். நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை.

துறையில் சீதாலெட்சுமி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பச்சைச் சேலைக்காரி பலகைமேல் கால் வைத்து நிதானமாக ஏறினாள். முந்தியை அவிழ்த்தாள். வெயிலில் சிவப்பு மின்னியது. பவளம் முதலில் மிரண்டு சீதாலெட்சுமியின் தோளில் ஒளிந்தது. பிறகு மெல்லத் திரும்பியது. முகத்தை அது பார்க்கவில்லை. சேலையைப் பார்த்தது.

இரண்டு கையையும் நீட்டியது.

முக்காட்டுக்குள்ளிருந்து வெளுத்த, வெடித்த கை ஒன்று வந்து, பிள்ளையின் கையில் ஒவ்வொரு வளையலாகப் பொறுமையாக ஏற்றியது. பவளம் சிரித்துக்கொண்டே தாவி, அந்தக் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.