துணி சுற்றிய இரண்டு கட்டைகள்

காலை 9.20. அருங்காட்சியகத்தின் மூன்றாம் அறையில் மரச்சட்டம் மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது. உள்ளே இருந்த ஓவியத்தைக் காணோம். ஒரு பெண்ணின் முகம். ஊரார் கொடுத்த முதல் படம். அதை மாட்டி வைக்கத்தான் இந்தக் கட்டடத்தையே கட்டினார்கள்.

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு முழங்கால் வலி. இந்த வாரத்தில் அவர் விசாரிக்க வந்த நான்காவது திருட்டு இது. “அப்பாடா” என்று பெஞ்சில் உட்கார்ந்தார். பெயின்ட் கரைக்கும் டர்பன்டைன் நெடி வேறு. தலை விண்விண் என்றது.

“நேத்து லீவு. சாவி இவன்கிட்டதான் இருந்துச்சு மேடம். வேற யாரு எடுப்பா?” என்றார் காப்பாட்சியர்.

அவர் கை காட்டியது காவலாளியை. அடுத்த மாதம் ஓய்வு. வாசலில் நிற்கும் ஜீப்பில் ஏறினால், இருபத்திரண்டு வருட வேலை திருட்டுப் பட்டத்தோடு முடியும்.

“வேற யார்கிட்ட சாவி இருக்கு?”

“என்கிட்ட ஒண்ணு. படம் செப்பனிடுற இவங்ககிட்ட ஒண்ணு.”

அந்தப் பெண் வலக்கை மாவுக்கட்டைக் காட்டினாள். “மூணு வாரமா பிரஷ்ஷைக்கூடத் தொடல. நாளைக்கு மேலிடத்துலேருந்து ஆய்வுக்கு வராங்க. சுத்தம் பண்ண வேண்டிய படமெல்லாம் அப்படியே கிடக்கு.”

சட்டத்தின் அடியில் துணி சுற்றிய இரண்டு கட்டைகள். மேல்விளிம்பில் தூசி, கலையாமல் இருந்தது. போட்டோ எடுத்து முடித்ததும் இன்ஸ்பெக்டர் காப்பாட்சியரைப் பார்த்தார். “சார், அதைக் கொஞ்சம் தள்ளி வைங்க.”

அவர் ஒரு கையை அடியிலும் ஒரு கையைப் பக்கவாட்டிலும் கொடுத்துத் தூக்கினார். காலாலேயே கட்டைகளை நகர்த்தி, பூப்போல அவற்றின் மேல் இறக்கினார்.

“இப்ப நீங்க, பெரியவரே.”

“தொட்டா திட்டுவாங்க மேடம்.”

“நான் சொல்றேன்ல?”

காவலாளி மேல்விளிம்பை இரண்டு கையாலும் பற்றினார்.

“ஐயையோ, மேல பிடிக்காதீங்க!” என்று அலறினாள் செப்பனிடுபவள். தூசியில் எட்டு விரலும் பதிந்திருந்தன.

10.05. இன்ஸ்பெக்டர் அலுப்போடு சொன்னார். “எடுத்தவரு மேல கையே வைக்கல. கீறல் விழக்கூடாதுன்னு கட்டை வேற வச்சிருக்காரு. எந்தத் திருடன் சார் இவ்வளவு பதவிசா திருடுவான்? இந்தம்மாவுக்கு ஒரு கைதான். மூணு வாரமா வேலையே நடக்காத இடத்துல டர்பன்டைன் நெடி எப்படி வந்துச்சு? ஆய்வுக்கு முன்னால நீங்களே சுத்தம் பண்ணப் பார்த்தீங்க. அப்படித்தானே?”

காப்பாட்சியர் வெறும் சட்டத்தைப் பார்த்தபடி சொன்னார். “பழைய வார்னிஷ்னு நெனச்சுத் தேய்ச்சேன். முகமே துணியோட வந்துடுச்சு.”

அவர் அறையின் இழுப்பறையில் ஓவியம் கிடைத்தது. கழுத்துக்கு மேல் வெறும் பழுப்பு. செப்பனிடுபவள் இடக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“உன் மேல கேஸ் நிக்காதுன்னு தெரியும்ப்பா,” என்றார் காப்பாட்சியர், காவலாளியைப் பார்க்காமல். “எப்படியும் விட்டுடுவாங்கன்னுதான்...”

காப்பாட்சியர் காலையில் எழுதிக் கொடுத்திருந்த புகார்க் கடிதத்தை இன்ஸ்பெக்டர் காவலாளியிடம் நீட்டினார். அவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“இத்தனை வருஷமா ‘ஏய் வாட்ச்மேன்’னுதான் கூப்பிட்டீங்க. என் பேரு உங்களுக்குத் தெரியாதுன்னே நெனச்சிட்டிருந்தேன் சார். இனிஷியலோட சரியா எழுதியிருக்கீங்களே.”