ஒன்பதாம் லாட்டில் நின்ற விலை

காலை 10.20. போடிமெட்டில் ஜீப்பு நிற்கும் இடத்தில் இருபது தோட்டக்காரர்கள் கைப்பேசியை வெறித்துக்கொண்டிருந்தார்கள். கீழே போடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஒவ்வொரு தோட்டத்துக் காய்க் குவியலுக்கும், கிடைக்கும் விலை திரையில் ஓடிக்கொண்டிருந்தது, சட்டென்று நின்றது.

"என்னாத்தா, படுத்துருச்சா?" என்றாள் ராமுத்தாய். தோட்டக்காரி, ஏல மையத்தின் இயக்குநர்களில் ஒருத்தி.

விலை காட்டும் அந்த இணையதளத்தைக் கட்டியவள் முத்துப்பிரியா. ஆறாயிரம் பேர் ஒரே நேரத்தில் பார்க்கப்போகிற தளம். ஜாங்கோ, லாரவெல் என்ற இரண்டு மென்பொருள்களில் எதில் கட்டுவது என்று மூன்று மாதமாக மல்லுக்கட்டு. அவள் ஜாங்கோ, போட்டிக்கு வந்த யோகராஜ் லாரவெல். நேற்று அவன் தளத்தின் வெள்ளோட்டம் கணினி உருவாக்கிய போலிப் பார்வையாளர்களோடு ஜோராக முடிந்தது. இன்று என் தளத்தை நிஜ ஆட்களை வைத்தே பார்ப்போம் என்று வீறாப்பாகக் கேட்டு வாங்கியவள் இவள். வேணும் நல்லா! வேலை யாருக்கு என்று மதியம் ஒரு மணிக்கு இயக்குநர்கள் முடிவு சொல்வார்கள். வேலை கைநழுவினால், அவளை நம்பிச் சென்னையை விட்டு வந்த நாலு பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

"அண்ணே, வெரசாப் போங்க" என்று ஜீப்பில் ஏறினாள். ராமுத்தாயும் ஏறிக்கொண்டாள்.

கொண்டை ஊசி வளைவுகளில் கேரளா டவர் விட்டு விட்டுக் கிடைத்தது. மடியில் கணினியை வைத்து, தளத்தின் பதிவுகளைத் துருவினாள். 10.14க்கு யாரோ நிர்வாகியின் கடவுச்சொல்லைப் போட்டுக் கேஷை அணைத்திருந்தார்கள். விலையை ஒருமுறை எடுத்து, அதே நகலை எல்லாருக்கும் கொடுப்பதுதான் கேஷ். அது இல்லையென்றால் ஆறாயிரம் பேரும் தனித்தனியாக உள்ளே வந்து விலை கேட்பார்கள். எந்தத் தளம்தான் தாங்கும்? திரும்பப் போட்டாலும் அந்த ஆள் மறுபடி அணைக்கலாம்; யாரென்று தெரியும்வரை விட்டுவைத்தாள்.

அணைத்தது ஏல அறைக்குள்ளிருந்து. அங்கே அறுபது கணினிக்கும் ஒரே முகவரி என்பதால் எந்த இருக்கை என்று தெரியவில்லை. அவளைத் தவிரக் கடவுச்சொல் தெரிந்தவர்கள், சோதித்துப் பார்க்க அவளே கொடுத்திருந்த மூன்றே பேர்.

மதியம் 12.05. போடி ஏல மையம். மூவரில் முதலில் மேலாளர் ராஜாராம்.

"10.14க்கு எங்க இருந்தீங்க?"

"மேடையில. ஒம்பதாம் லாட்டு கூவிட்டிருந்தேன். அறையே பாத்துச்சும்மா."

அடுத்து யோகராஜ்; வியாபாரி போல நாலாம் இருக்கையில் உட்கார்ந்து சோதித்தவன்.

"நீதானேடா?"

"லூசா நீ? கேஷ அணைச்சா என் லாரவெல்லும்தான் படுத்துக்கும்." வாயெல்லாம் ஏலக்காய் மணம். "எங்க நீ ஜெயிச்சுருவியோன்னு பதட்டத்துல சாம்பிள் காயெல்லாம் மென்னே தீத்துட்டேன்."

கடைசியில் உக்கிரபாண்டி. முப்பது வருட வியாபாரி, மையத்தின் தலைவர், பதினோராம் இருக்கை.

"ஒம்பதாம் லாட்ட நீங்க கேக்கவே இல்லியே அய்யா?"

"உடைச்சு மோந்து பாத்தேன் தாயி. மணம் இல்ல, விட்டுட்டேன்."

12.40. அறைக்குள் போனால் தரையெல்லாம் பச்சைக் காய். ஒவ்வொரு லாட்டுக்கும் இருக்கைக்கு ஒரு தட்டு சாம்பிள் வரும். உடைத்துப் பார்த்ததும் மிச்சத்தைத் தரையில் கொட்டுவது இங்கே வழக்கம். வெறும் தட்டுதான் திரும்பும்.

தட்டு எடுக்கும் ஜக்கம்மாளைப் பிடித்தாள். "அக்கா, ஒம்பதாம் லாட்டுல ஏதாச்சும் தட்டு காயோட வந்துச்சா?"

"ஒண்ணே ஒண்ணு வந்துச்சு தாயி. பதினொண்ணாம் நம்பரு. அள்ளி வச்சது அள்ளி வச்சபடி. இந்தா இருக்கு."

1.00. இயக்குநர்கள் முன்னால் தட்டை வைத்தாள். முடிவு சொல்ல வேண்டிய ஆளையே குற்றவாளி என்று சொல்லப்போகிறாள்.

"கேஷ அணைச்சது நீங்கதான் அய்யா. காயைத் தொடாம எந்த வியாபாரியும் மணமில்லன்னு சொல்ல மாட்டான். அந்நேரம் உங்க ரெண்டு கையும் கீபோர்டுல இருந்துச்சு. தளம் நின்னா எல்லாரும் ஜாங்கோவத்தான் திட்டுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும். கடவுச்சொல்ல மூணு பேருக்குக் குடுத்தது என் தப்பு. அதையும் ஒத்துக்கிறேன்."

உக்கிரபாண்டி முகம் கறுத்தது. "ஏல வெலை அவனவன் கைப்பேசியில ஓடுனா மலைக்காரன் எவன் காலையிலேயே எங்கிட்ட மலிவாக் காயத் தருவான்? எதுல கட்டுனாலும் நிறுத்தத்தான் செய்வேன்."

ராமுத்தாய் எழுந்து தட்டிலிருந்து ஒரு காயை எடுத்து உடைத்தாள். வாசம் மேஜையெல்லாம் பரவியது.

"ஒம்பதாம் லாட்டு என் தோட்டத்துக் காய்யா" என்றாள். "மணமில்லன்னியே, இப்ப மோந்து பாரு."

அவர் கையை நீட்டவில்லை.

"ஆத்தா, அந்தக் கேஷப் போட்டு வெலைய ஓட விடு. மேல எல்லாரும் பாத்துட்டிருக்காக" என்றாள் ராமுத்தாய் முத்துப்பிரியாவிடம், மற்ற இயக்குநர்கள் தலையாட்ட. "வேல ஒனக்குத்தான்."