சுற்றாமல் வந்தவர்

வடிவாம்பாள் வீட்டில் நாற்றம் என்று சொன்னால் ஸ்ரீவராகம் தெரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். பால்காரனிடம் செம்பை வாங்கும்போதே தண்ணீர் தெளித்து வாங்குகிற கை அது. காலைப் பத்திரிகையைக்கூட வெயிலில் ஒரு மணி நேரம் போட்டுவிட்டுத்தான் உள்ளே எடுப்பாள் என்று ஒரு பேச்சு உண்டு, அதை அவள் மறுத்ததும் இல்லை. அப்படிப்பட்டவளின் நடுக்கூடத்தில், எண்பத்தாறாம் வருஷத்துப் பங்குனியில், பௌர்ணமிக்கு மறுநாள் காலை, நாறியது. தீபாவளி கழிந்து மழையில் ஊறிய வெடிக்குப்பையின் நெடியும், நாலு நாள் மாற்றாத பூச்செம்புத் தண்ணீரின் கொழகொழத்த வாடையும் ஒன்றாகச் சேர்ந்து, மூக்கில் ஏறாமல் நேரே நாக்கின் அடியில் போய் உட்காருகிற மாதிரி ஒரு நாற்றம்.

சாக்கடையை முகர்ந்தாள். அரிசிப் பானைக்குப் பின்னால் முகர்ந்தாள். கிணற்றடிக்கு வந்து நின்று காறித் துப்பினாள்.

"என்ன வடிவு, காலம்பறயே மோந்துக்கிட்டு நிக்கே?" மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டுச் சிவகாமியம்மாளின் தலை தெரிந்தது. "எலி கிலி செத்துக் கெடக்கா?"

"எங்க வீட்டுக்கு எலி வந்தா குளிச்சிட்டுல்லா வரணும், மைனி."

சிவகாமியம்மாள் சிரித்தாள். வடிவாம்பாள் சிரிக்கவில்லை. நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. புருஷனின் தலையணையிலிருந்து.

அந்த வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. ஆபீஸோ, ஆஸ்பத்திரியோ, எழவு வீடோ, எங்கே போய்விட்டு வந்தாலும் வாசல் வழியாக நேரே நுழையக்கூடாது. தெருவைச் சுற்றிப் பின்சந்தில் புகுந்து, கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, அப்புறம்தான் வீடு. வீடோ கிழக்குப் பார்த்த வீடு, தொண்டை மாதிரி நீளம். வாசலில் நின்று கல்லை விட்டெறிந்தால் கிணற்றில் விழும். அத்தனை நேரான வழி இருக்க, ராக்கெட் ஆபீஸில் கணக்குப் போடுகிற குற்றாலலிங்கம் இருபது வருஷமாகத் தினமும் சாயங்காலம் சந்து சுற்றி வந்து ஈர வேட்டியோடு உள்ளே ஏறினார். தெருவுக்கு அது ஒரு காட்சி. வடிவாம்பாளுக்கு அதுதான் தாலிக்கு அடுத்தபடி. அவர் அலுத்துக்கொண்டதே இல்லை. பிள்ளை இல்லாத வீட்டில் அவருக்கு அவளும் அவளுக்கு அவருமாக இருந்தார்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

துபாயிலிருந்து வந்த சிநேகிதன் ஒருவன் ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டுப் போனதிலிருந்துதான் எல்லாம். எழுத்துப் பலகை மட்டும் இருக்கும். டிவியில் செருக வேண்டும். டேப் ரெக்கார்டரில் கேசட்டை ஓட விட்டால், வாலை மிதித்த பூனை மாதிரி ஐந்து நிமிஷம் கத்திவிட்டு உயிர் வரும். அதில் சந்திரனுக்குப் போகிற விளையாட்டு ஒன்றை அவரே எழுதியிருந்தார். பௌர்ணமியன்று சாயங்காலம் ஆறரை மணிக்கு அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"எல்லாவனும் முதல்ல பூமியச் சுத்துவான். பார்க்கிங் ஆர்பிட்டுன்னு பேரு. சுத்தி நின்னு எல்லாம் சரியாட்டு இருக்கான்னு பாத்துட்டு, பின்னத்தான் சந்திரனுக்குத் திரும்புவான். எனக்கு அது வேண்டாம். அங்க சந்திரன் தலைய நீட்டும்போ இங்க கிளம்பினா நேரே போய்ச் சேரலாம்."

"சுத்தாம எங்கயும் போகப்பிடாது," என்றாள் வடிவாம்பாள்.

"நீ சொல்லதத்தான் ஆபீஸ்லயும் சொல்லுகானுவ. உன்னய அங்க டைரக்டராட்டுப் போடணும், கேட்டியா?"

திறந்த வாசலுக்கு நேர் எதிரே, எதிர்வீட்டு ஓட்டுக்கு மேல் சந்திரன் எழும்பியது. அவர் பொத்தானைத் தட்டினார். மூன்று நாள் பயணத்தை மூன்று நிமிஷமாகச் சுருக்கியிருந்தார். சந்திரனுக்கு மேலே எவ்வளவு உயரம் என்று திரையில் ஓர் எண் குறைந்துகொண்டே வந்து, பூஜ்யமாகி, பூஜ்யத்தையும் தாண்டியது. கழித்தல் பத்து. கழித்தல் நாற்பது.

"பூஜ்யம் வந்த பெறவும் நிக்கலியே?"

"நிக்க தரை வேணும்லா. தரை எழுத மறந்துட்டேன்." அவர் சிரித்தார். பிறகு திரையைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "உள்ள போய்க்கிட்டே இருக்கு, பாத்தியா."

அன்றைக்குச் சாப்பிட உட்காருமுன் அவர் கை கழுவிய தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி சாம்பல் நிறமாக ஓடியதை அவள் பார்த்தாள். கேசட்டின் அழுக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள், தலையணை நாறிய அன்றைக்கு, சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சந்தில் அல்ல. வாசலில். குற்றாலலிங்கம் நேரே உள்ளே வந்தார், செருப்போடு, நடுக்கூடம் வரைக்கும்.

"இஞ்ச பாருங்க, இது என்ன கூத்து? சுத்தி வாருங்க!"

"எதுக்கு?" என்றார், நிஜமாகவே தெரியாதவர் மாதிரி.

தயிர்ச் சோறு போட்டாள். அவர் மெல்லவில்லை, உருண்டைகளை உள்ளே வைத்தார், அவை தாமாகவே இறங்கின. வாயைத் திறந்தபோது நாக்கு தெரிந்தது. சாம்பல் நிறத்தில், மழைக்காலத்து ரொட்டியில் பூக்கிற பஞ்சு மாதிரி, சன்னமான மயிர் படர்ந்த நாக்கு. விரல் இடுக்கில் மீந்த சோற்றை அந்த நாக்கால் வழித்துக்கொண்டார். வடிவாம்பாளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கட்டின புருஷனைப் பார்த்துக் குமட்டுகிறதே என்று அழுகையும் வந்தது.

அன்றைக்குச் சந்திரன் ஏழே காலுக்கு மேல்தான் வந்தது. அவர் மறுபடியும் கிளம்பினார், மறுபடியும் நேரே. எண் பூஜ்யத்தைத் தாண்டிக் கழித்தல் நானூற்றுப் பன்னிரண்டில் நின்றது.

"இறங்கியாச்சு," என்றார். கொஞ்சம் பொறுத்து, "மெத்துன்னு இருக்கு."

"என்னது மெத்துன்னு?"

வியர்வையைத் துடைப்பதுபோல அவர் பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரல் உள்ளே போயிற்று. இட்லி மாவில் போவதுபோல, முதல் கணு வரைக்கும், குளிர்ச்சியாக. உருவிக்கொண்டாள். குழி அப்படியே இருந்தது. மூடவில்லை.

கிணற்றடியில் விரலைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், புளி போட்டுத் தேய்த்தாள், தோல் எரிகிற வரைக்கும் தேய்த்தாள். நாக்கின் அடியில் உட்கார்ந்த அந்த நாற்றம் மட்டும் போகவில்லை.

மூன்றாம் நாள் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. முன்னால் வைத்த சோற்றில் ஈ மொய்த்தது. அவர்மேல் ஒரு ஈகூட உட்காரவில்லை. வடிவாம்பாள் பலமுறை அதை எண்ணிப் பார்த்தாள். ஈகூட.

"ஒங்க வீட்டு அத்தானுக்குச் சுகமில்லியா?" என்று மதிலுக்கு மேலிருந்து கேட்டாள் சிவகாமியம்மாள். "வைத்தியரைக் கூட்டிட்டு வரச் சொல்லட்டா?"

"நீர்க்கோவை, மைனி. சரியாப் போகும்."

வேறென்ன சொல்வது? இருபது வருஷம் தெருவையே மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தவள், என் புருஷன் நாறுகிறார் என்று எந்த வாயால் சொல்வாள்?

எட்டு மணி தாண்டிச் சந்திரன் ஓட்டுக்கு மேல் வந்தது. யாரும் பொத்தானைத் தட்டவில்லை. கேசட் ஓடவில்லை. டிவி தானாக வெளுத்தது. கழித்தல் நானூற்றுப் பன்னிரண்டு. கழித்தல் நானூறு.

எண் திரும்பி ஏறியது.

வடிவாம்பாள் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினாள். வயர் கையில் தொங்கியது. எண் நிற்கவில்லை. கழித்தல் நூறு. பத்து. பூஜ்யம். அதற்கப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. போனவர் அங்கே இருக்கிறார். இங்கே இருப்பது அவர் விட்டுப்போன இடத்தில் ஊறிய ஏதோ ஒன்று. இப்போது அவர் திரும்பி வருகிறார். பகவானே, வருகிறார்.

வாசல் கதவை எப்போது சாத்தினாள் என்று அவளுக்கு நினைவில்லை. அது தட்டப்பட்டது.

"வடிவு."

அவர் குரல். களைப்பில் சற்றே கம்மும் அவருடைய குரல். நாற்காலியில் இருந்த அது திரும்பவில்லை.

"வடிவு, வந்துட்டேன். சந்து வழியா வரட்டா?"

இருபது வருஷத்தில் அவர் கேட்டதே இல்லாத கேள்வி. அவள் யோசித்தாள். சந்து இருட்டு. தெருவைச் சுற்ற வேண்டும். அதற்குள் மறுபடி இழுத்துக்கொண்டால்? சுற்றப்போனவர் வராமலே போய்விட்டால்?

"வேண்டாம்," என்றாள். "குளிக்காண்டாம். நேரே வாங்க."

தாழ்ப்பாளை நீக்கினாள்.

அவர்தான். வெள்ளைச் சட்டை. படிந்து வாரிய தலை. நிலா அவர் முதுகுக்குப் பின்னால், கதவுக்கு நேராக. சிரித்தார். அவளைக் கடந்து உள்ளே போனார். கால் பட்ட இடமெல்லாம் ஈரச் சாம்பல், தட்டு அகலத்துக்கு.

படியில் இன்னும் ஒருவர் நின்றார்.

அதே சட்டை. அதே வகிடு. மூக்கு மட்டும் கொஞ்சம் உருகி வழிந்திருந்தது.

அவருக்குப் பின்னால் ஒருவர். அவருக்குப் பின்னால். தெருவின் குறுக்கே, எதிர்வீட்டுச் சுவர் வரைக்கும், ஒரே நேர்கோட்டில். போகப் போக முகம் குழைந்து, கண் இருந்த இடத்தில் குழி, கை இருந்த இடத்தில் மாவு. எல்லாவற்றிலும் அந்த நெடி. மேலே, ஓட்டுக்கு மேல், சந்திரனின் நடுவே விரல் பட்டதுபோல ஒரு குழி. மூடாத குழி.

"நேரே வரலாம்லா?" என்று அத்தனை வாயும் ஒன்றாகக் கேட்டன.

சுற்றி வாருங்கள். ஒரே ஒரு சொல். வாழ்நாள் முழுக்கச் சொன்ன சொல். வடிவாம்பாள் வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் பட்டு, மெத்தென்று, உள்ளே புதைந்தது.