‘கிடைத்தது’ என்று சொல்லும் வரை

டிசம்பர் 9. இன்று ஒரு சிறு பிழை விட்டேன். படகிலிருந்து வரும் செய்தியைச் சேமிக்க முன்பே ‘கிடைத்தது’ என்று பதில் போகும்படி நிரல் எழுதியிருந்தேன்.

நஸ்ஹா பேனாவை நிறுத்தினாள். சிறு பிழைதானா?

படகு துறையைத் தொட்டதும் அதிலுள்ள கருவி அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பும். பதில் கிடைக்காவிட்டால் ஒரு நிமிடம், இரண்டு, நான்கு என்று இடைவெளியை இரட்டித்து மறுபடி அனுப்பும். பின்னேரம் கரண்ட் போன கணத்தில் மூன்றாம் படகின் செய்தி வந்தது. பதில் போய்விட்டது, செய்தி பதிவாகவில்லை. கருவியும் ஓய்ந்துவிட்டது. அக்கரையில் பத்திரமாகக் கட்டியிருந்த படகைத் தேடி, அது இன்னும் கரைசேரவில்லை என்ற அவள் பேச்சை நம்பி, அவளுடைய அண்ணன் அஸ்பாக் காக்கா மழையோடு வாவிக்குள் போனார்.

இப்போது திருத்திவிட்டாள். உறுதியாகப் பதிவான பிறகே பதில்.

உம்மா துறைக்கு ஓடியிருந்தாள். அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு ஓய்ந்து, ஓட்டில் மழை விடாமல் இரைந்துகொண்டிருக்க, வாவியிலிருந்து அரை மைல் தள்ளியிருந்த அந்த வீட்டுக்குள் கதவிடுக்கு வழியாகச் சேறும் அழுகிய பாசியும் கலந்த வாடை மெல்ல ஏறிவந்தது.

போன் அடித்தது. துறையிலிருந்து படகோட்டி ஹமீட்.

“படிச்ச புள்ள, சந்தோசமா? உன்ட காக்காவ எடுத்திட்டாங்க. மையத்து, உசிரில்ல. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து அடையாளம் காட்டணுமாம். உன்ட கொம்பியூட்டருக்கும் சொல்லிரு.”

அவர் வைத்துவிட்டார்.

கதவில் ஒரு தட்டு.

“நஸ்ஹா, வந்திட்டன். கிடைச்சிட்டெண்டு சொல்லு.”

காக்காவின் குரல். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவசரப்பட்டுச் சொன்ன பதில் ஒரு உயிரைக் குடித்துவிட்டது. இனிச் சொல்லமாட்டாள். என்ன வந்திருக்கிறது என்று தெரியாமல் சொல்லவே மாட்டாள்.

ஒரு நிமிடம். தட்டு.

“நஸ்ஹா, வந்திட்டன். கிடைச்சிட்டெண்டு சொல்லு.”

அதே சொற்கள். மூச்சு விடும் இடம்கூட மாறவில்லை.

இரண்டு நிமிடம். தட்டு. அதே குரல்.

நான்கு.

அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். அடுத்தது எட்டு. சொன்னால் நின்றுவிடும். சொன்னால் அது அவளுடையதாகிவிடும்.

ஐந்து. ஆறு. ஏழு.

எட்டு.

தட்டு கேட்கவில்லை. கதவுப் பூட்டு அப்படியே இருந்தது. அவளுடைய இடது காதோரம் குளிர்ந்தது.

“நஸ்ஹா, வந்திட்டன்.”

நாட்குறிப்புக் கொப்பியின் மேல் சேற்றுநீர் ஒரு துளி விழுந்தது. இன்னொன்று. அவள் திரும்பவில்லை. அடுத்தது பதினாறு நிமிடம். நனையாத இடமாகப் பார்த்து எழுதினாள்.

நாளை: காலை ஏழு மணி, ஆஸ்பத்திரி. காக்காவின் மையத்தை அடையாளம் காட்ட வேண்டும்.