என்டர் பொத்தானில் நீலப்பொடி

கணினியின் என்டர் பொத்தானில் நீலப்பொடி ஒட்டியிருந்தது.

மருந்துக்கடைக்காரர் அதைத் துணியால் துடைத்தார். ஒரு மணிக்குத்தான் ஒருமுறை துடைத்திருந்தார், இப்போது இரண்டரை. சாப்பாட்டு நேரம் என்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கியாயிற்று, கடைக்குள் அவரைத் தவிர ஈ காக்கை கிடையாது. வெளியே மழை ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே மருந்து நெடியும் அட்டைப்பெட்டியும் ஈரச் செருப்பும் கலந்த வழக்கமான வாடை. அதற்கு அடியில் மெலிதாக இன்னொன்று, இஸ்திரி போட்ட புதுத்துணியின் வாசனை. அது யாருடைய வாசனை என்று அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தார்.

எதிர்வரிசைத் தையல்கார அம்மா போய்ச் சேர்ந்து ஒன்றரை மாதம் ஆகிறது. நெஞ்சுச்சளிக்கு டாக்டர் எழுதிய சீட்டோடு வந்தாள். கிளாரித்ரோமைசின் என்று அவர் தட்டியதும் கணினி கீச்சென்று கத்தித் திரையில் சிவப்புப் பெட்டி ஒன்றைத் திறந்தது. இவள் ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் சாப்பிடுகிறவள், இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் அபாயமாக இறங்கலாம், டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடு என்று அதில் இருந்தது. இருந்து என்ன, படித்தால்தானே? நாளைக்கு அறுபது பெட்டி வரும். என்டரைத் தட்டி மூடுவது அவருக்குக் கொட்டாவி விடுகிற மாதிரி.

பெட்டிதான் போகட்டும், அவளே வாய்விட்டுக் கேட்டாள்.

"பிரஷர் மாத்திரையும் சாப்பிடுறேன் சார். ரெண்டையும் சேர்த்துப் போடலாமா?"

"ஒண்ணும் ஆகாதும்மா. தைரியமாச் சாப்பிடுங்க."

நாலாம் நாள் காலை தையல் மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். அவள் புருஷன் மிச்ச மாத்திரையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். பத்தில் நாலு மிச்சம். எதையும் நீலச் சாக்குக்கட்டியால் குறித்தே பழகியவள், மாத்திரை எடுத்த ஒவ்வொரு குழியின் மேலும் நேராக ஒரு கோடு இழுத்திருந்தாள்.

"ரெண்டும் சேர்ந்துதான் பிரஷர் இறங்கிடுச்சுன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. அவ உங்ககிட்ட கேக்கலையா சார்?"

"பிரஷர் மாத்திரை பத்தி மூச்சே விடலையேப்பா. சொல்லியிருந்தா குடுத்திருப்பேனா?"

"அவ எப்பவுமே இப்படித்தான், எதையும் சொல்ல மாட்டா" என்று செத்தவளைத் திட்டிக்கொண்டே அழுதபடி போனான் அந்த மனுஷன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார், கூசாமல். பிறகு அந்த அட்டையைக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

இப்போது மூன்று நாளாக அவருக்குத் தொண்டைப்புண். அவரும் ஆம்லோடிபின் ஆசாமிதான். அதனால் பார்த்துப் பார்த்து, அதோடு சண்டை போடாத அசித்ரோமைசினாக எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தன் உடம்பு என்றால் மட்டும் மனுஷனுக்குப் பெட்டியைப் படிக்கத் தெரிகிறது பாருங்கள்.

ஆனால் நேற்றிலிருந்து வாயெல்லாம் இரும்பை நக்கிய கசப்பு. இன்று காலையிலிருந்து எழுந்தால் கண் இருட்டுகிறது. வாடிக்கையாளருக்கென்று மேசைமேல் வைத்திருந்த பிரஷர் மெஷினின் பட்டையைத் தன் கையிலேயே சுற்றிப் பொத்தானை அழுத்தினார். பட்டை உப்பி, இறுக்கி, மூச்சு விட்டது.

எண்பத்திரண்டு. ஐம்பது.

மறுபடி அழுத்தினார். எழுபத்தாறு.

சட்டைப்பையில் கைவிட்டு மாத்திரை அட்டையை எடுத்தார். விரலில் நீலம் ஒட்டியது.

அசித்ரோமைசின் இல்லை, அன்றைக்குக் குப்பையில் போட்ட அதே அட்டை. பத்துக் குழி. ஒன்பது காலி. ஆறு கோடுகள் பழையவை, மங்கியவை. மூன்று புதியவை. அவர் விழுங்கிய மூன்று நாளுக்கும் ஒவ்வொன்று, அளவுகோல் வைத்தது போல நேராக.

மிச்சம் ஒரு மாத்திரை.

எழுந்திருக்கப் பார்த்தார். கால் கேட்கவில்லை. அலமாரியில் போன் அடித்தது. சாப்பிடக் கூப்பிட மனைவியாகத்தான் இருக்கும். நாலு எட்டு தூரம். அடித்து அடித்து ஓய்ந்தது.

பட்டையைக் கழற்ற முடியவில்லை. பொத்தானைத் தொடாமலே அது இறுகியது. சட்டைக்குக் கையளவு எடுக்கிறவர்கள் டேப்பைச் சுற்றி இழுப்பார்களே, அந்த மாதிரி, நிதானமாக.

கீச்.

திரையில் சிவப்புப் பெட்டி. அவர் பெயர். இரண்டு மருந்தின் பெயர். முதல்முறையாக ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"வேண்டாம்மா" என்றார். நாக்கு குழறியது. "நீங்க கேட்டீங்க. நான்தான் பொய் சொன்னேன். உங்க வீட்டுக்காரர்கிட்டயே வந்து சொல்லிடுறேன்."

மழை மட்டும்.

பிறகு காதுக்குப் பக்கத்தில், வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு பேசும் குரல்.

"ஒண்ணும் ஆகாது சார். தைரியமாச் சாப்பிடுங்க."

என்டர் பொத்தான் கீழே அமுங்கியது. யாரும் தொடவில்லை. பெட்டி மூடிக்கொண்டது.

நாக்கின் மேல் கசப்பு. கெட்டியாக, முழுதாக, ஒரு மாத்திரை.

அட்டையில் பத்தாவது குழி கிழிந்திருந்தது. அதன் மேல், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு, அவசரமே இல்லாமல், ஒரு நீலக்கோடு தானாக நீண்டுகொண்டிருந்தது.