சீனியுள்ளியின் வேரில் கரிசல் மண்

காலை 10.20. சங்கரன்கோவில், செவக்குளம் சீனியுள்ளி விவசாயிகள் சங்கக் கட்டடம்.

ஊர்ப் பெயருக்குப் புவிசார் குறியீடு தரலாமா என்று பார்க்கச் சென்னையிலிருந்து வந்திருந்த தேர்வு அதிகாரி ராஜேஸ்வரி மூன்றாவது உள்ளியையும் பச்சையாகவே மென்று விழுங்கினார். கண் கலங்கவில்லை. நாக்கு எரியவில்லை. சின்ன வெங்காயம் இப்படி இனிக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. பெயரைப் பதிவு செய்யலாம் என்று எழுதத் தொடங்கினார்.

மீதியைப் பையில் அள்ளிக்கொண்டிருந்த சங்கச் செயலாளர் தாஹாவின் கை சட்டென்று நின்றது. உள்ளியின் வேரில் கறுப்பு மண் ஒட்டியிருந்தது. செவக்குளம் முழுக்கச் செம்மண்.

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

“மேடம், எழுதாதீங்க. இது எங்க உள்ளி இல்ல.”

ராஜேஸ்வரி பேனாவை மூடினார். “அப்ப நான் சாப்பிட்டது எந்த ஊர் வெங்காயம்? மதியம் ஒரு மணிக்குள்ள பதில் வேணும். இல்லேன்னா மோசடின்னு எழுதி ஃபைலை மூடிடுவேன்.”

சங்கத் தலைவி இசக்கித்தாய் போலீசுக்குப் போன் செய்தாள். கண்ட ஊர் வெங்காயத்துக்கும் செவக்குளம் என்று பெயர் போட்டு விற்பதைத் தடுக்க, அறுபது குடும்பங்கள் மூன்று வருடமாக அலைந்து கொண்டுவந்த ஃபைல் அது.

10.55. சப்-இன்ஸ்பெக்டர் பெனிட்டா வந்தாள். முதலில் உள்ளிப் பை இருந்த அறையின் பூட்டைப் பார்த்தாள். கீறல் இல்லை. பையின் வாயில் வைத்த ஈய முத்திரையும், காலையில் ராஜேஸ்வரியின் முன்னால் அறுக்கும்வரை குலையாமல்தான் இருந்திருக்கிறது.

“சாவி?”

“ரெண்டு பூட்டு மேடம். ஒரு சாவி தலைவிகிட்ட, ஒண்ணு எங்கிட்ட” என்றார் தாஹா. “யாரு மாத்துனான்னே புரியல.”

“நேத்து என்ன நடந்துச்சு?”

“சாயங்காலம் நாலரைக்குக் கொட்டகையில குவியல்ல இருந்து அஞ்சு கிலோ பை நிரப்புனோம். அப்பம் மண்டி செல்லச்சாமி அண்ணாச்சி வாசல்ல வந்து சத்தம் போட்டாரு. எல்லாரும் வெளிய போனோம். பத்து நிமிஷம் இருக்கும். திரும்பி வந்து முத்திரை வச்சு, பையை அறையில வச்சுப் பூட்டிட்டோம்.”

“அந்தப் பத்து நிமிஷம் உள்ள யாரு?”

“தரம் பிரிக்கிற முத்துமாரியக்கா மட்டும். அவங்க தலை நிமிராம வேலை பாக்குற ஆளு.”

“செல்லச்சாமிதான் மேடம்!” இசக்கித்தாய் குறுக்கிட்டாள். “எங்க பேரை அவரு சாக்குல அச்சடிச்சு வித்தாரு. நிப்பாட்டினோம். அந்தக் கோவம்.”

11.20. செல்லச்சாமி தன் மண்டியில் கல்லாவை விட்டு எழவில்லை. “உள்ளிய மாத்திட்டாங்களா? அப்பம் பேரு கெடைக்காதுல்லா?”

“நீங்கதானே சண்டை போட்டீங்க அண்ணாச்சி?”

“போட்டேன். நாந்தான் மாத்துனேன்னா உறைக்கிற உள்ளியல்லா வச்சிருப்பேன்! இனிக்கிறத எதுக்கு வைக்கணும்?” பெனிட்டா நீட்டிய உள்ளியின் வேரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “கரிசல். இளையரசனேந்தல் பக்கத்து மண்ணு.”

11.50. சங்கக் கொட்டகையில் முத்துமாரியம்மாள் உள்ளிக் குவியலுக்கு முன் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும்.

“தேர்வுக்கு வச்ச உள்ளிய யாரோ மாத்திட்டாங்க” என்றாள் பெனிட்டா.

முத்துமாரியின் கை நின்றது. “அந்த அம்மா தின்னு பாத்தாவளா? என்ன சொன்னாவ?”

பெனிட்டா குவியலைப் பார்த்தாள். “தினம் எங்கன இருந்து வாரீங்க?”

“இளையரசனேந்தல் பஸ்ல.”

வெளியே வந்த பெனிட்டா, குவியலை எடைபோடச் சொன்னாள். நேற்று பை நிரப்பியது போக எழுதிவைத்த எடையைவிட ஐந்து கிலோ கூடுதலாக இருந்தது.

12.35. எல்லாரையும் கூடத்துக்கு வரவழைத்தாள்.

“எல்லாரும் பூட்டையே பாத்தீங்க. பூட்டுல குத்தமில்ல. பையில இருந்தது மாறினது பூட்டுறதுக்கு முன்னால, நீங்க வாசல்ல நின்ன அந்தப் பத்து நிமிஷத்துல. செவக்குளம் உள்ளி எங்கேயும் போகல. குவியல்லயே கெடக்கு. வந்தவங்க எடுக்க வரல, வைக்க வந்தாங்க.”

முத்துமாரியின் பக்கம் திரும்பினாள்.

“உள்ளி மாறிடுச்சுன்னதும் தாஹா ‘யாரு’ன்னாரு. அண்ணாச்சி ‘பேரு கெடைக்காதுல்லா’ன்னாரு. தின்னுட்டு என்ன சொன்னாவன்னு கேட்டது நீங்க மட்டுந்தான். சமைச்சவதான் அப்படிக் கேப்பா. இது உங்க காட்டுல வெளைஞ்ச உள்ளி.”

முத்துமாரி எழுந்து நின்றாள். “ஆமா. நாந்தான்.”

“ஏட்டி, அறுபது குடும்பத்தோட பேரைக் கெடுத்திட்டியே!” என்று இசக்கித்தாய் கத்தினாள்.

“அக்கா, அது நான் பொறந்த ஊரு பேரு.” என்றாள் முத்துமாரி. “கட்டிக்குடுத்தப்போ வெதை உள்ளிய மடியில கட்டிக்கிட்டுப் போனேன். பதினாலு வருசமா கரிசல்ல போட்டு எடுக்கேன். சங்கத்துல சேத்துக்கோங்கன்னு ரெண்டு தடவை மனு குடுத்தேன். செம்மண்ணுலதான் இனிக்கும்னு திருப்பிட்டிய. ஒருத்தராவது ஒரு உள்ளிய வாயில போட்டுப் பாத்தியளா?”



இசக்கித்தாய் மேசையிலிருந்து ஓர் உள்ளியை எடுத்துத் தோலை உரித்தாள். கடித்தாள். நின்று நிதானமாக மென்றாள். கோபத்தோடு தொடங்கியவள், முடிக்கும்போது தலையைக் குனிந்துகொண்டாள்.

“புகார் வேண்டாம் மேடம்” என்றாள் பெனிட்டாவிடம். பிறகு ராஜேஸ்வரியைப் பார்த்து, “செம்மண்ணுல மட்டுந்தான்னு எழுதுனது எங்க தப்பு. மனுவை மாத்தி எழுதித் தாரோம். இவ காட்டையும் சேத்து.”

ராஜேஸ்வரி மூடிய பேனாவைத் திறந்தார். “இந்த வருஷம் பேர் கிடைக்காது. இனிப்பு விதையிலா மண்ணிலான்னு பார்க்கணும், ரெண்டு ஊர் நிலத்தையும் ஆய்வு செய்யணும். ஆனா மோசடின்னு எழுத மாட்டேன். ‘இது எங்க உள்ளி இல்ல’ன்னு முதல்ல சொன்னது உங்க செயலாளர்தான். அதை எழுதுறேன்.”

தாஹா மெல்ல மூச்சு விட்டார்.

“உங்க அறுவடை எப்போம்மா?” என்று முத்துமாரியிடம் கேட்டார் ராஜேஸ்வரி.

“மார்கழி கடைசியில. ஆனா மழை பெஞ்சிருந்தா கரிசல்ல கார் பொதைஞ்சிரும் மேடம்.”

ராஜேஸ்வரி டைரியைத் திறந்து தேதியைக் குறித்தார்.

“நடந்தே வர்றேன்.”